டிராக்டருக்கு ஜி.பி.எஸ். வழிகாட்டி: வாங்கும் முன் கணக்குப் பார்ப்போம்



நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடன் பிரிவுக்கு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் படிப்புச் செலவு, மருத்துவம், சிறு கடை, தையல் மெஷின் ஆகியவற்றுக்காகவே இருக்கும். இந்த ஆண்டு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. டிராக்டரில் ஜி.பி.எஸ். வழிகாட்டியும் தானாகத் திரும்பும் ஸ்டீயரிங்கும் பொருத்துவதற்குக் கடன் கேட்டு இரண்டு விண்ணப்பங்கள் வந்துள்ளன. ஒருவர் சபுரை முடித்து ஊர் திரும்பி, கையிலிருந்த பணத்தில் டிராக்டர் வாங்கி வாடகைக்கு ஓட்டி வருபவர். மற்றவர் தென்னந்தோப்பும் கொஞ்சம் நஞ்சையும் உள்ளவர். கருவியின் விலை சில லட்சங்கள். டிரஸ்ட் கொடுப்பது போக மீதிக்கு வீட்டு நகையை அடகு வைக்கவும் இருவரும் தயாராக இருக்கிறார்கள்.

விண்ணப்பித்தவர்களோடு இது நிற்கப் போவதில்லை. கண்காட்சிகளிலும் செல்போன் வீடியோக்களிலும் இக்கருவிகளைப் பார்த்துவிட்டு நம்மிடம் விசாரிக்கும் குடும்பங்கள் கூடி வருகின்றன. எனவே தனித்தனியே பதில் சொல்வதைவிட, இதைப் பற்றி விசாரித்து அறிந்தவற்றை இவ்விதழில் எல்லோருக்குமாக எழுதுவது நல்லது என்று கருதினோம். கருவி நல்ல கருவிதான். அது யாருக்கு, எந்த நிலத்தில், எந்த வேலைக்கு நல்லது என்பதே கேள்வி. கருவியை வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடக் கூடாது. செய்ய வேண்டிய வேலையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கருவியைத் தேட வேண்டும்.

கருவி என்ன செய்கிறது?

டிராக்டர் ஓட்டுபவர் ஒரு சால் முடித்துத் திரும்பும்போது, முந்தைய சால் எங்கே முடிந்தது என்று கண்ணால் பார்த்தே அடுத்ததைப் பிடிக்கிறார். இடையில் உழாத திட்டு விழுந்துவிடக் கூடாது என்பதற்காகச் சற்று உள்ளே தள்ளிப் பிடிப்பது வழக்கம். அப்படித் தள்ளிப் பிடிக்கும் இடமெல்லாம் இரண்டு முறை உழப்படுகிறது. உரமோ மருந்தோ என்றால் அங்கே இரண்டு மடங்கு விழுகிறது.

இது எவ்வளவு என்று பார்ப்போம். சதுரமான ஒரு ஏக்கர் வயலின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். இரண்டு மீட்டர் அகலக் கருவியின் முழு அகலமும் பயன்பட்டால் 32 சாலில் வேலை முடியும். ஒவ்வொரு சாலிலும் 20 செ.மீ. உள்ளே தள்ளிப் பிடித்தால் 36 சால் வேண்டும். ஏக்கருக்கு நான்கு சால் வீண். அந்த வீணைக் குறைப்பதும், விதைப்பிலும் பார் போடுவதிலும் வரிசைகளை நேராக வைப்பதும்தான் இக்கருவியின் வேலை.

சந்தையில் மூன்று தரம் உண்டு. முதலாவது வெறும் வழிகாட்டி. ஓட்டுநரின் முன்னால் ஒரு விளக்குப் பட்டையோ திரையோ இருக்கும். இடப்பக்கம் விலகினால் ஒரு விளக்கு, வலப்பக்கம் விலகினால் ஒரு விளக்கு. ஸ்டீயரிங்கைத் திருப்புவது ஓட்டுநர்தான். இரண்டாவது, ஸ்டீயரிங் சக்கரத்தின் இடத்தில் ஒரு மின் மோட்டார் பொருத்தி அதுவே திருப்பும் வகை. பழைய டிராக்டரிலும் மாட்டலாம் என்று சொல்லி இப்போது அதிகம் விற்கப்படுவது இதுதான். மூன்றாவது, டிராக்டரின் ஹைட்ராலிக் அமைப்புக்குள்ளேயே வால்வு வைத்துத் திருப்பும் வகை. இது பெரிய டிராக்டர்களுக்கானது, விலையும் அதிகம். எந்த வகையானாலும் ஓட்டுநர் இருக்கையில் இருந்தே ஆக வேண்டும். வரப்பருகே திருப்புவது, கருவியைத் தூக்கி இறக்குவது, வழியில் ஆள் மாடு வந்தால் நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆகவே டிராக்டர் ஓட்டிப் பிழைக்கும் நம் பிள்ளைகளின் வேலை போய்விடும் என்ற அச்சத்துக்கு இதில் இடமில்லை. நாள் முழுதும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் களைப்பு அவர்களுக்குக் குறையும்.

வானத்திலிருந்து வரும் பிழை

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசு நடத்தும் செயற்கைக்கோள் அமைப்பு. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் அக்கோள்கள் துல்லியமான நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 30 செ.மீ. பிசகிவிடும். 2000-ம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. அது நீக்கப்பட்ட பிறகுதான் விவசாயத்தில் இதன் பயன்பாடு வேகமெடுத்தது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் நாட்டின் நாவிக் ஆகியவையும் உள்ளன. நல்ல கருவி இவற்றில் பலவற்றை ஒரே நேரத்தில் பிடிக்கும்.

இருந்தும், நம் செல்போன் திறந்த வெளியில் காட்டும் இடம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் முன்பின்னாகவே இருக்கிறது. தெரு தேட அது போதும், சால் பிடிக்கப் போதாது. எனவே வயல் வேலைக்கு, பிழையைத் திருத்தும் இரண்டாவது சமிக்ஞை ஒன்று தேவைப்படுகிறது. விலை வேறுபாட்டில் பெரும் பகுதி இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. வாங்குபவர்கள் திரையின் அளவைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது திருத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை.

நான்கு வழிகளில் அது வரும்.

ஒன்று, ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து விமானங்களுக்காக அமைத்த சேவை இது. வானத்திலிருந்தே இலவசமாகக் கிடைக்கிறது. பிழையை ஒரு மீட்டர் அளவுக்குக் குறைக்கும். அடுத்தடுத்த சால்களுக்கு இடையே உள்ள வேறுபாடு அதைவிடவும் குறைவாக இருக்கும். கருவி ககனைப் பிடிக்கும் வகையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு, தனியார் நிறுவனங்கள் செயற்கைக்கோள் வழியே தரும் கட்டணத் திருத்தம். உயர்ந்த கட்டணத்தில் சில சென்டிமீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் முழுத் துல்லியம் வரச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். சந்தா கட்டத் தவறினால் சேவை நின்றுவிடும்.

மூன்று, ஆர்.டி.கே. எனப்படும் முறை. அசையாத ஓரிடத்தில், கட்டட மாடியிலோ கம்பத்திலோ, ஒரு கருவியை நிறுத்துகிறார்கள். அது இருக்கும் இடம் நமக்கு ஏற்கெனவே தெரியும். செயற்கைக்கோள் காட்டும் இடம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுவே அந்த நேரத்துப் பிழை. பக்கத்து வயலில் ஓடும் டிராக்டருக்கும் ஏறக்குறைய அதே பிழைதான் இருக்கும். அதை ரேடியோவில் அனுப்பினால் டிராக்டர் கழித்துக்கொள்ளும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியம் இதில் கிடைக்கிறது. தூரம் கூடக் கூட நம்பகம் குறையும். பத்து கி.மீ. சுற்றளவுக்குள் இருப்பது பாதுகாப்பு.

நான்கு, அதே திருத்தத்தை செல்போன் இணையம் வழியே பெறுவது. இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் இதற்கான நிலையங்களை அமைத்திருக்கிறது. இதற்குச் சொந்தக் கம்பம் வேண்டாம், ஆனால் வயலில் இணையம் விட்டுப்போகாமல் கிடைக்க வேண்டும். ஊருக்குள் நான்கு கோடு காட்டும் போன், வாய்க்கால் தாண்டியதும் ஒரு கோடு காட்டும் இடங்கள் நம்மிடம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

விற்பவர்கள் இரண்டு விதமான துல்லியத்தைச் சொல்வார்கள். இரண்டையும் பிரித்தறிய வேண்டும். தொழுகைக்குக் கோடு போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸஃப்புகளுக்கு இடையே இடைவெளி சரியாக இருக்கிறது, ஆனால் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து எல்லாக் கோடுகளும் சேர்ந்து அரை அடி நகர்ந்துவிட்டன என்றால், அன்றைய தொழுகைக்கு அதனால் குறையில்லை. இதுதான் சாலுக்குச் சால் உள்ள துல்லியம். உழவு, உரம் தூவுதல் போன்ற வேலைகளுக்கு இது போதும். முப்பது சென்டிமீட்டர் முன்பின்னாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

விதைத்துவிட்டு இருபது நாள் கழித்து அதே வரிசைகளுக்கு நடுவே களை எடுக்கும் கலப்பையை விட வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது நேற்றைய கோட்டிலேயே இன்றும் நிற்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் நகர்ந்தாலும் பயிர் வேரோடு போய்விடும். இதற்கு ஆர்.டி.கே. அளவுத் துல்லியம்தான் தேவை. மக்காச்சோளம், பருத்தி, கரும்பு, நிலக்கடலை போன்றவற்றை வரிசையாகப் பெருமளவில் செய்பவர்களுக்கே அது பொருந்தும். உழவுக்கு மட்டும் வாங்குபவர் ஆர்.டி.கே.க்குப் பணம் கொடுப்பது வீண். களை எடுக்க வாங்குபவர் மலிவான கருவியை வாங்குவது அதைவிட வீண்.

நமது நிலம் எப்படிப்பட்டது?

இக்கருவிகள் பிறந்து வளர்ந்தது ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில். அமெரிக்காவில் நிலம் அளந்து பிரித்த வழக்கப்படி 160 ஏக்கர் ஒரே சதுரம், பக்கம் ஏறத்தாழ 800 மீட்டர். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடமும் கருவி வேலை செய்கிறது. நம் ஒரு ஏக்கர் வயலில் 64 மீட்டரை மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். பிறகு திருப்புவதற்குப் பதினைந்து இருபது விநாடி. அதாவது வேலை நேரத்தில் கால் பங்குக்கு மேல் திருப்புவதிலேயே போகிறது. அதில் சாதாரணக் கருவிகள் உதவுவதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நம் டெல்டாவில் அதுவும் ஒரே தாக்காக இருப்பதில்லை. இங்கே ஒரு மா, அங்கே இரண்டு மா என்று வரப்புகளால் பிரிந்து கிடக்கிறது.

சேற்று உழவிலும் ஒரு சிக்கல் உண்டு. சேற்றில் சக்கரம் வழுக்கும்போது, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி உடனே திரும்புவதில்லை. கருவி மேலும் திருப்பும், பிறகு மறுபக்கம் இழுக்கும். விளைவு, நேர்கோட்டுக்குப் பதில் பாம்புக் கோடு. குறுவை, சம்பா நடவுக்கு மட்டும் டிராக்டர் ஓட்டுபவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

தென்னந்தோப்பில் நிலைமை இன்னும் மோசம். மட்டைகள் வானத்தை மறைக்கின்றன. மரங்களில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞை கருவியைக் குழப்புகிறது. நெருக்கமான தோப்பில் சென்டிமீட்டர் துல்லியம் அடிக்கடி அறுந்துவிடும். தவிர, இருபத்தைந்து அடி இடைவெளியில் நிற்கும் மரங்களே ஓட்டுநருக்குப் போதிய வழிகாட்டி. தோப்பு உழவுக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம் என்பதே நம் ஆலோசனை.

மூன்றாவது விஷயம் நம் தென்பகுதிக்கே உரியது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை அருகே செல்கிறது. 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். இக்கோட்டை ஒட்டிய வானத்தில், மேலே இருக்கும் மின்னேற்ற அடுக்கு மஃரிபுக்குப் பிறகு சில மணி நேரம் கொந்தளிப்பாக இருக்கும். குறிப்பாக மார்ச் ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர் அக்டோபர் மாதங்களிலும் இது அதிகம். சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். அந்நேரங்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை மினுங்கித் தடுமாறும், துல்லியம் திடீரென்று போகும். வெயிலுக்குப் பயந்து இரவில் உழும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இது முக்கியம். வெளிநாட்டு விளம்பரத்தில் சொல்லும் துல்லியம் நம் ஊர் இரவில் அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

டிராக்டருக்குப் பொருந்துமா?

முதலில் பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஸ்டீயரிங் உள்ள வண்டியில் மோட்டார் திணறும். அடுத்து, ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால், முன் அச்சில் புஷ் தேய்ந்திருந்தால், அவற்றைச் சரி செய்யாமல் கருவி மாட்டுவதில் பொருளில்லை. பேட்டரியும் சார்ஜ் ஆகும் முறையும் நன்றாக இருக்க வேண்டும். மின்சாரம் தாழ்ந்தால் கருவி நடுவயலில் அணைந்து எழும்.

ஆன்டெனா இருப்பது வண்டியின் உச்சியில். தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம் என்று கொள்வோம். ஒரு பக்கச் சக்கரம் 10 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் வண்டி சாய்ந்து, உச்சியில் உள்ள ஆன்டெனா 19 செ.மீ. அளவுக்குப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். வண்டி கோட்டை விட்டு விலகிவிட்டதாகக் கருவி நினைக்கும். இந்தச் சாய்வைக் கழிக்கும் உணரி உள்ளே இருக்கிறதா என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

டிராக்டர் நேராகப் போனாலும் பின்னால் இருக்கும் கலப்பை ஆடினால் பயனில்லை. பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் சங்கிலியும் கம்பியும் இறுக்கமாக இருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் வேலையைச் செய்யாமல் ஐந்து லட்சம் செலவு செய்வது நியாயமில்லை.

செலவும் வரவும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்கான எண்கள். அவரவர் தம் எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். கருவி, பொருத்தும் கூலி, ஐந்து ஆண்டுச் சந்தா, பழுதுச் செலவு எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம். ஏக்கருக்கு டீசலில் அரை லிட்டர், விதை உரத்தில் கொஞ்சம், நேரத்தில் கொஞ்சம் என்று மொத்தம் 150 ரூபாய் மிச்சம் என்று கொள்வோம். ஒரு லட்சத்தை 150-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 667 வருகிறது. ஆண்டுக்கு 667 ஏக்கர் ஓடினால்தான் போட்ட பணம் வரும், அதற்கு மேல்தான் லாபம். ஐந்து ஏக்கர் சொந்த நிலத்தில் ஆண்டுக்கு நான்கு முறை உழுதாலும் இருபது ஏக்கர்தான் ஆகிறது.

வாடகைக்கு ஓட்டுபவர் இந்த அளவை எட்ட முடியும். ஆனால் அவர் வேறொன்றை யோசிக்க வேண்டும். நம் பகுதியில் வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கு. கருவி மாட்டி நான்கு சால் மிச்சப்படுத்தினால் வேலை சீக்கிரம் முடியும், வாடகை குறையும். மிச்சம் நிலத்துக்காரருக்குப் போகிறது, கருவியின் கடன் டிராக்டர்காரர் தலையில் நிற்கிறது. ஏக்கர் கணக்கில் கூலி பேச முடிந்தால் மட்டுமே போட்ட பணம் அவர் கைக்குத் திரும்பும். வாடிக்கையாளர்கள் அதற்குச் சம்மதிப்பார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். நகையை அடகு வைத்த பிறகு கேட்கும் கேள்வி அல்ல இது.

தவணைத் திட்டங்களிலும் கவனம் தேவை. 'வட்டி கிடையாது' என்று சொல்லும் திட்டத்தில் பதிவுக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்ற பெயர்களில் பணம் வாங்கப்படலாம். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். தவணையில் கட்டும் மொத்தத்தை அதோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு எவ்வளவு, அது என்ன என்பது அப்போது விளங்கிவிடும். ஐயம் இருப்பவர்கள் கையெழுத்திடும் முன் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வயலில் சோதித்துப் பாருங்கள்

விற்பவரின் மைதானத்தில் காட்டும் ஓட்டத்தை நம்ப வேண்டாம். நம் வயலில், நம் டிராக்டரில், நம் கலப்பையோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செய்ய வேண்டியவை எளியவை.

ஐந்தாறு சால் ஓட்டச் செய்து, சாலுக்குச் சால் இடைவெளியைப் பத்து இடங்களில் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். ஓரிடத்தில் முளையடித்துவிட்டு, கருவியை அணைத்து, அரை மணி கழித்து மறுபடி இயக்கி, அதே கோட்டுக்கு வருகிறதா என்று பாருங்கள். வரப்போரத்து மரத்தடியில் ஓட்டிப் பாருங்கள். மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இணையத்தைத் துண்டித்தால் கருவி எச்சரித்து நிற்கிறதா, சொல்லாமல் தவறான கோட்டில் போகிறதா என்று கவனியுங்கள். ஓட்டுநர் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தவுடன் கருவி விட்டுக்கொடுக்கிறதா என்பதும் அவசியம். உயிர்ப் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. சாலையில் போகும்போது இதை அணைத்தே வைக்க வேண்டும்.

சோதனையில் திருப்தி என்றால், பின்வருவனவற்றை எழுத்தில் வாங்குங்கள். சந்தா எவ்வளவு, எப்போது தொடங்கும், கட்டாவிட்டால் எந்த வசதிகள் நிற்கும்? ஆர்.டி.கே. வசதிக்குத் தனியாகத் திறப்புக் கட்டணம் உண்டா? பழுதானால் ஆள் எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் வருவார்? கருவியை வேறு டிராக்டருக்கு மாற்ற என்ன செலவு? ரேடியோ அலைவரிசைக்கு உரிமம் தேவையா? கருவி மாட்டினால் டிராக்டர் கம்பெனியின் வாரண்டி நிலைக்குமா? திரையில் தமிழ் உண்டா? வாய்ப்பேச்சில் சொன்னது அறுவடை நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

வேறு வழிகள்

பலருக்குத் தேவை இதைவிட எளிதாக நிறைவேறும். டெல்டா நஞ்சைக்காரர்களுக்கு நேரான சாலைவிட மட்டமான வயல்தான் முக்கியம். மேடு பள்ளமான வயலில் மேட்டில் தண்ணீர் ஏறுவதற்குள் பள்ளத்தில் பயிர் மூழ்குகிறது. லேசர் லெவலர் இதற்கான கருவி. வயலோரம் முக்காலியில் சுழலும் லேசர் ஒளியை, மண் வாரியின் மேல் உள்ள உணரி பிடித்து, வாரியைத் தானாக உயர்த்தித் தாழ்த்தும். செயற்கைக்கோள், சந்தா, இணையம் எதுவும் தேவையில்லை. மண் காய்ந்திருக்கும்போதுதான் வேலை நடக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன், கோடையிலேயே முடித்துவிட வேண்டும். இதையும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு எடுத்தால் போதும். வேளாண்மைப் பொறியியல் துறை தன் இயந்திரங்களை உழவன் செயலியில் இ-வாடகை மூலம் வாடகைக்கு விடுகிறது. நம் வட்டாரத்தில் எந்தெந்தக் கருவி கிடைக்கும், மானியம் இருக்கிறதா என்பதை அத்துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

நேர் வரிசை மட்டும் வேண்டும் என்பவர்கள், விதைப்புக் கருவியிலேயே அடுத்த சாலுக்குக் கோடு கிழிக்கும் கம்பியைப் பொருத்திக்கொள்ளலாம். பட்டறையில் செய்யும் வேலைதான்.

என்ஜினீயரிங் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து விவசாயி பிரையன் டிஷ்லர் தொடங்கிய 'அக்ஓப்பன்ஜி.பி.எஸ்.' என்ற மென்பொருள் இலவசம். யாரும் பார்த்துத் திருத்தும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. உலகின் பல நாடுகளில் விவசாயிகளே உதிரிபாகம் வாங்கிச் சேர்த்து இதை ஓட்டுகிறார்கள். படிப்புத் திட்டமாக இதை எடுத்துச் செய்ய விரும்பும் மாணவர்கள் டிரஸ்டை அணுகலாம். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும் பகுதியை அனுபவமுள்ளவர் மேற்பார்வை இன்றித் தொட வேண்டாம்.

டிரஸ்டின் முடிவு

நிர்வாகக் குழு இவ்விஷயத்தைப் பேசி எடுத்த முடிவுகள் இவை. தோப்புக்கும், சேற்று உழவுக்கும், சில ஏக்கர் சொந்த நிலத்துக்கும் இக்கருவி வாங்கக் கடன் தருவதில்லை. மறுப்பதில் மகிழ்ச்சி இல்லை. கடன் நிதியில் இருப்பது மஹல்லா மக்களின் அமானத். திருப்பிச் செலுத்த வழியில்லாத கடனைக் கொடுப்பது வாங்குபவருக்கும் உதவியாகாது. வாடகைக்கு ஓட்டுபவர்கள் கடந்த ஓராண்டில் ஓட்டிய ஏக்கர்க் கணக்கையும், ஏக்கர்க் கூலிக்குச் சம்மதிக்கும் வாடிக்கையாளர் பட்டியலையும், வயல் சோதனையின் அளவுகளையும் கொண்டு வந்தால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும். முதலில் விளக்குப் பட்டை வகையில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, பிறகு ஸ்டீயரிங் மோட்டாருக்குப் போக விரும்புவோருக்கு முன்னுரிமை உண்டு. நகையை அடகு வைத்து மீதித் தொகை திரட்டுவதை நாம் ஊக்குவிப்பதில்லை.

மூன்று நான்கு டிராக்டர்காரர்கள் ஒன்றுசேர்ந்து வந்தால் வேறொரு வழியும் இருக்கிறது. ஆர்.டி.கே. கம்பம் ஒன்று போதும், சுற்றிலும் உள்ள எல்லா டிராக்டருக்கும் அதுவே திருத்தம் அனுப்பும். அதற்கு டிரஸ்ட் கட்டட மாடியைக் கொடுக்க நிர்வாகக் குழு சம்மதித்திருக்கிறது. செலவைப் பகிர்ந்தால் ஒருவர் தலையில் முழுச் சுமையும் விழாது. புஞ்சையில் மக்காச்சோளமும் பருத்தியும் செய்யும் குடும்பங்கள் இதைத் தங்களுக்குள் பேசிப் பார்க்கலாம்.

விருப்பமுள்ளவர்கள் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது கருவியின் விளம்பரத் தாளைவிட, உங்கள் நிலத்தின் அளவு, தாக்குகளின் நீளம், ஆண்டுக்கு ஓடும் ஏக்கர், டீசல் ரசீது ஆகியவற்றை எழுதி எடுத்து வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்